திரும்ப வாங்கிய ஒப்பாரி

எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் தொடங்கினால் முதலில் சிரிப்பவர்கள் பக்கத்து லயத்து வீடுகளில் இருந்த இந்துக்கள்தான். விபூதிப் புதனன்று எங்கள் கோயில் உபதேசியார் எங்கள் நெற்றியில் சாம்பல் பூசி அனுப்புவார். "என்ன, நீங்களும் எங்க பக்கம் வந்துட்டீங்களா?" என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கேலி பேசுவார்கள். அன்றிலிருந்து இறைச்சி கூடாது. மாதக்கணக்கில் இறைச்சியைக் கண்ணாலும் காணாமல் பால்மரம் சீவிக்கொண்டிருந்த எங்களுக்கு எதற்கு இந்தத் தடை என்று நான் ஒருமுறை கேட்டேன். உபதேசியார் முறைத்தார். தஞ்சோங் கிளிங் கடற்கரைக் கருவாடுதான் எப்போதும்போல அப்போதும் கொதித்தது. முந்தின வாரம் அதற்குப் பெயர் சாப்பாடு, இப்போது தபசு.

ஆண்கள் கள்ளை விட்டார்கள். குடிக்காத எரிச்சலில் அவர்கள் வீட்டில் போட்ட சண்டையைப் பார்த்து, "ஆண்டவரே, இந்த மனுசன் குடிச்சே தொலையட்டும்" என்று ஜெபம் செய்த பெண்களும் உண்டு. நானும் செய்தேன்.

ஆனாலும் தபசின் கடைசியான பெரிய வாரம் வந்துவிட்டால் எல்லோரும் ஒன்றாகிவிடுவோம். எங்கள் கோயில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சின்னக் கொட்டகை. வெள்ளைக்காரச் சாமியார் மலாக்கா டவுனில் இருந்தார். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் எங்களுக்குக் கிடைப்பார். அதுவரை எல்லாம் உபதேசியார் பொறுப்பு. டவுன் கோயிலில் மரித்த ஆண்டவருக்கு ஒரு சுரூபம், உயிர்த்த ஆண்டவருக்கு இன்னொரு சுரூபம் என்று வசதியாக வைத்திருந்தார்கள். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. மலாக்காவில் ஒரு சீனத் தச்சர் செதுக்கியது. மூக்கு மட்டும் அந்தத் தச்சருடைய மூக்காகவே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அந்தச் சுரூபத்தைப் படுக்கவைத்து அடக்கம் செய்வோம். சனிக்கிழமை உச்சிப்பொழுதில், அந்தக் காலத்து வழக்கப்படி மணியடித்ததும், அதையே நிமிர்த்திக் கையில் கொடி கொடுப்போம். கொடி என் பழைய சேலையின் முந்தானை.

அந்த வருஷம் சிக்கல் அழுகையில் வந்தது. பெரிய வெள்ளிக்கு மாதாவின் புலம்பலை எடுத்துக் கொடுப்பவர் உபதேசியாரின் மனைவி. அவர் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் அழுது பார்த்தோம். உபதேசியார் கண்ணை மூடிக் கேட்டார்.

"பெத்த புள்ள செத்த மாதிரியா இருக்கு? பால்வாளி கவுந்த மாதிரில்ல இருக்கு!" என்றார்.

அப்போதுதான் கடைசி லயத்து அக்காவின் ஞாபகம் வந்தது. இந்து. முந்தின வருஷம்தான் வேறு தோட்டத்திலிருந்து ஒரே மகனோடு வந்திருந்தாள். அவள் ஒப்பாரி எடுத்தால் கங்காணிக்கே கண் கலங்கும். என் அம்மா செத்தபோது நான் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள்தான் எனக்கும் சேர்த்து அழுதாள். இப்போது அவளுடைய மகன் மலேரியாக் காய்ச்சலில் ஜாசின் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வளர்ந்த பையன், இருபது வயசு. அவள் சரியாகச் சோறு தின்றே பல நாளாகியிருந்தது. ஒருவேளை மட்டும் சாப்பிடும் எங்கள் ஒருசந்தியெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது.

உபதேசியார் என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார். அவள் தொழில் தெரிந்தவள், எடுத்த உடனே விசாரணையில் இறங்கினாள்.

"வயசு என்ன?"

"முப்பத்துமூணு."

"சம்சாரம்?"

"கல்யாணம் ஆகல."

"அட பாவமே! அப்ப வாழமரத்துக்குத் தாலி கட்டவெச்சுல்ல அடக்கம் பண்ணணும்?"

உபதேசியாருக்கு வேர்த்துவிட்டது. அதெல்லாம் எங்கள் வழக்கத்தில் இல்லை என்றார்.

"சரி, தகப்பன் என்ன வேலை?"

"வளத்தவரு தச்சரு. ஆனா அசல் தகப்பன் வந்து..." என்று உபதேசியார் ஞானோபதேசத்தைத் தொடங்கினார்.

அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். "விடுங்கண்ணே. எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான். அதையெல்லாம் பாட்டுல சொல்லமாட்டேன்."

எப்படிச் செத்தார் என்று சொன்னோம். எங்கே அடக்கம் என்று சொன்னோம். அதற்குமேல் என்ன நடந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. உபதேசியார் நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தார், நான் அவர் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். உலகத்துக்கே தெரிந்த விஷயம் இவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்ற மெத்தனம் எங்கள் இரண்டு பேருக்கும்.

துரை வெள்ளைக்காரர் என்பதால் பெரிய வெள்ளிக்குத் தோட்டத்தில் லீவு. துக்க நாளில் மணியடிக்கக் கூடாது என்பதால் கட்டையைத் தட்டிக்கொண்டு சுரூபத்தைத் தூக்கி வந்தோம். அக்கா தலையை விரித்துப்போட்டு, அதன் தலைமாட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"தச்சன் மனை வெளக்கே, என் தங்கமே
தாய்க்கு ஒத்தத் தூணே
ஆணி அடிக்கையில, என் தங்கமே
ஆருமே தடுக்கலியா
டிரெசரு வரலியா, என் தங்கமே
கொய்னாவும் தரலியா"

சிலுவையில் அறையப்பட்டவருக்கு மருந்து கொடுக்கும் டிரெசரும் மலேரியாக் கொய்னாவும் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. காய்ச்சலுக்கு ஓர் ஆளைக் கொடுக்காத வீடு எங்கள் லயத்தில் இல்லை. குடிக்காமல் உர்ரென்று திரிந்த ஆண்கள்கூடத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினார்கள். மூங்கிலும் துணியும் வைத்துக் கட்டிய கல்லறையில் சுரூபத்தை வைத்தபோது, அக்கா மறக்காமல் ஒரு பிடி மண் போட்டாள். உபதேசியார் பூரித்துப்போனார்.

மறுநாள் உச்சிப்பொழுது. உபதேசியார் மணியைப் பிடித்து இழுத்தார், பட்டாசு வெடித்தது, என் வீட்டுக்காரர் சுரூபத்தை நிமிர்த்திக் கொடியைச் செருகினார், நாங்கள் அல்லேலூயா பாடினோம். அந்த நேரம் பார்த்து, வேலைக்காட்டிலிருந்து நேரே அக்கா வந்து வாசலில் நின்றாள். கையில் ஒரு செம்பு பசும்பால். அடக்கம் செய்த மறுநாள் குழியில் பால் தெளிக்க வேண்டுமே; அழுதவளுக்கு அந்தக் கடமையும் உண்டல்லவா?

சுரூபத்தைப் பார்த்தாள். கல்லறையைப் பார்த்தாள். மறுபடி சுரூபத்தைப் பார்த்தாள். அதே மூக்கு.

"எந்திரிச்சிட்டாரா?" என்றாள்.

"ஆமாக்கா! உயிர்த்துட்டாரு!" என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"எந்திரிப்பாருன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். வருஷா வருஷம் எந்திரிப்பாரு."

அவள் முகம் வெளுத்துப்போனது. "பாவிகளா! உசுரோட இருக்கிறவருக்கு என்னைய ஒப்பாரி வெக்கச் சொன்னீங்களே. வெச்ச ஒப்பாரி சும்மா போகுமா? ஒரு உசுரத் தேடும்லா. எனக்கு இருக்கிறது ஒத்தப் புள்ள. அவன் ஆஸ்பத்திரியில கெடக்கான்!"

பட்டாசு நின்றுவிட்டது. உபதேசியார் உயிர்ப்பின் பொருளை விளக்க முன்வந்தார். அவள் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்கம்மாவுக்கும் நான்தான் அழுதேன். எந்திரிச்சாளா?"

இல்லை என்று தலையாட்டினேன். அந்த நாள் வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் அல்லேலூயா பாடியிருக்கிறேன். அப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

ஒப்பாரியைத் திருப்பி வாங்க வேண்டும் என்றாள். அழுத வாய்தான் வாங்க முடியும், அழுகைக்கு முறிவு தாலாட்டு, அதுவும் தூளி கட்டி ஆட்டித்தான் பாட வேண்டும் என்று முடிவாகச் சொன்னாள்.

"தாலாட்டெல்லாம் கிறிஸ்மஸுக்கு," என்றார் உபதேசியார் பரிதாபமாக.

"அப்ப எம்புள்ள செத்தா நீங்க வந்து எழுப்புவீங்களா?"

உபதேசியார் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வீட்டுக்கு ஓடிப்போய் என் கல்யாணச் சேலையை எடுத்து வந்தேன். வீட்டுக்காரர் அதைக் கோயில் விட்டத்தில் கட்டினார். கொடியைப் பிடுங்கி வைத்துவிட்டு, உயிர்த்த ஆண்டவரைத் தூக்கித் தூளியில் கிடத்தினோம். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நாலு பெண்கள் சேர்ந்து ஆட்டினோம், விட்டம் கிறீச்சிட்டது.

"ஆராரோ ஆரிரரோ
செத்துப் பொழச்ச கண்ணே
சீனத்து மூக்கழகே
காச்ச விட்டுப் போச்சு, என் கண்ணே
கஞ்சி குடிக்க வாராயோ"

இந்த இடத்தில் சாமியார் வந்துவிட்டார். பாவசங்கீர்த்தனம் கேட்க வந்தவர் கண்ட காட்சி: தூளியில் ஆண்டவர், தரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உபதேசியார். ஊர் முழுக்கத் தாலாட்டு.

"இது என்ன?" என்றார் புத்தகத் தமிழில்.

உபதேசியார் எழுந்து கைகட்டினார். "ரொம்பப் பாடு பட்டிருக்காரு சாமி. களைப்பு. கொஞ்சம் படுத்திருக்காரு."

சாமியார் அக்காவின் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்ததும் அக்கா செம்பிலிருந்த பாலை விரலில் தொட்டுச் சுரூபத்தின் உதட்டில் தடவினாள். சாமியார் மெதுவாக, "உறங்கிவிட்டாரா?" என்று கேட்டார்.

"உறங்கிட்டாரு சாமி. சத்தம் போடாதீங்க," என்றாள் அக்கா.

ஈஸ்டர் முடிந்த கையோடு அந்தப் பையன் ஜாசினிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். எலும்பும் தோலுமாக, ஆனால் தன் காலால் நடந்து வந்தான். அக்கா அவனை வீட்டுக்குக்கூடக் கூட்டிப்போகவில்லை. நேரே கோயிலுக்குள் இழுத்துப்போய்ச் சுரூபத்தின் முன்னால் நிறுத்தினாள். "பாத்துக்க சாமி, இவன்தான் எம்புள்ள. இனிமே உங்க ரெண்டு பேருக்கும் நான் அழமாட்டேன்," என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

அடுத்த வருஷம் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றாள். நாங்களே அழுதோம், பால்வாளி கவிழ்ந்த மாதிரிதான். அக்கா வாசலில் மகனோடு நின்று வேடிக்கை பார்த்தாள். எனக்கு மட்டும் அன்றைக்கு, அக்கா அந்தக் கேள்வி கேட்டதிலிருந்து ஒரு வருஷமாக உள்ளே கிடந்தது உடைத்துக்கொண்டு வந்தது. அம்மாவை நினைத்து அழுதேன். நிறுத்த முடியவில்லை.

அக்கா உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"எதுக்குடி இந்த அழுகை?" என்றாள். "நாளைக்கு மத்தியானம் எந்திரிச்சு வந்துருவாருலா. நான் பாத்திருக்கேன்."