மாப்பிள்ளை வீட்டு மணல் பெட்டி

என் கணவர் கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு மேனேஜராக இருந்த காலத்தில், எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், பலாப்பலகையில் செய்த ஒரு பெட்டி இருந்தது. முழங்கால் உயரம். வாய்வரை ஆற்றுமணல். வருகிறவர்கள் எல்லாம் "ஏனுங்க, வெத்தலை துப்பறதுக்குங்களா?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துப்புவதற்கு வாசலுக்கு வெளியே இவ்வளவு பெரிய மலை கிடக்கிறதே!

பெட்டி துப்பாக்கிக்காக. சேந்தமங்கலத்திலிருந்து மேலே வர அப்போது ரோடு கிடையாது. காட்டுப்பாதையில் கரடி நடமாட்டம் இருந்ததால் முதலாளி லைசென்ஸ் வாங்கி ஒரு ரிவால்வரை இவர் கையில் கொடுத்திருந்தார். வெளியே கிளம்பும்போது குண்டு போடுவதும், திரும்பி வந்து எடுப்பதும் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். குழாயை மணலுக்குள் பார்த்தபடி சாய்த்துப் பிடித்துக்கொண்டால், கை தவறி வெடித்தாலும் குண்டு மணலோடு போய்விடும். மலைமேல் வீட்டுச் சுவர் என்ன கோட்டைச் சுவரா? மூங்கில் தட்டி கட்டி மேலே மண் பூசியது. ஓங்கிக் குத்தினால் கை அந்தப் பக்கம் போகும். எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் சமையலறை.

மணலுக்குள் கையை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கியைத் தொட வேண்டும் என்று முதலாளி சொல்லிக் கொடுத்திருந்தார். புதிதில் இவர் பயபக்தியோடு செய்தார். அப்புறம் விட்டுவிட்டார். மணல் எங்கே ஓடிப்போகப் போகிறது என்பார்.

நான் மாசமாக இருந்தேன். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதுதான் முறை. ஆனால் மலை இறங்கவே கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டதால், என் அம்மா சேந்தமங்கலத்திலிருந்து மூச்சு வாங்க ஏறி வந்தாள். வந்த நாள் முதல் அவளால் எனக்கு ஒரே தலைவலி. மாப்பிள்ளை வீட்டில் கைநனைக்கக் கூசுவாள். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், சமையலறைக்குள் ஓடிச் சுவரோரம் நின்றுகொள்வாள். மாப்பிள்ளை முன்னால் உட்காரக் கூடாது, எதிரே வரக்கூடாது, கால் தெரியக்கூடாது. எங்கள் பக்கத்தில் மாமியார்கள் எல்லாருமே அப்படித்தான். இவள் ஒரு படி மேலே. "அம்மா, அவரென்ன புலியா?" என்று கேட்டால், "நீ சும்மா இரு கண்ணு" என்பாள்.

அவர் ஆசாரத்தில் இருக்கும்போது இவள் இருக்கமாட்டாள். அதனால் அந்தப் பெட்டி எதற்கு என்று அவள் கடைசிவரை பார்த்ததே இல்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

சோளப்பொரி தின்ன வேண்டும்போல் இருக்கிறது என்று நான் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பொரிக்கச் சுடுமணல் வேண்டும். மலைமேல் எங்கு தோண்டினாலும் செம்மண். நல்ல ஆற்றுமணல் வேண்டுமென்றால் அடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கமிருந்து தலைச்சுமையாக வர வேண்டும். அம்மாவுக்கு ஆசாரத்துப் பெட்டி கண்ணில் பட்டிருக்கிறது. நான் கண்ணயர்ந்த நேரத்தில் மணலை அள்ளிக்கொண்டாள். எடுத்த இடம் பள்ளமாகத் தெரிந்தால் மாப்பிள்ளை என்ன நினைப்பார்? தோட்டத்தில் குவிந்து கிடந்த காப்பித் தொலியைக் கூடை கூடையாகப் பெட்டிக்குள் கொட்டி, மேலே ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் நாலு கை மணலைத் தூவிச் சமன் செய்துவிட்டாள். பொரித்து முடித்ததும் மணலைத் திருப்பிக் கொட்டிவிடுவதாக உத்தேசம்.

மணல் இன்னும் அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டார். வழியில் புதர் அசைந்ததென்று சுடத் தயாராக ரிவால்வரின் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து ஏற்றி வைத்திருந்தார். அதை மெல்ல இறக்க வேண்டும். பெட்டியைப் பார்த்துச் சாய்த்துப் பிடித்து இறக்கும்போது கட்டைவிரல் வழுக்கிவிட்டது.

வீடே அதிர்ந்தது. தொலி ஆசாரம் முழுக்கப் பறந்தது. பெட்டியின் பக்கப் பலகையில் ஓட்டை, சுவரின் அடியில் ஓட்டை. நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்கு ஓடினேன். அம்மா சுவரோரம் தரையில் சம்மணம்போல் கால்களை மடக்கி, சேலையை இழுத்து மூடி உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பொரிச்சட்டி. பக்கத்தில் முறத்தில் வெள்ளை வெளேரென்று பொரி.

அவர் நிலைப்படியில் வந்து நின்றார். பொரிச்சட்டியைப் பார்த்தார். பயம் அப்படியே கோபமாக வெடித்தது.

"ஏனுங்க அத்தை, மணலை எடுத்தது நீங்களா? எதைத் தொடணும், எதைத் தொடக்கூடாதுன்னு ஒரு வெவரம் வேண்டாங்களா? புள்ளத்தாச்சி இருக்கற ஊடுங்க இது! யாரு மேலயாவது பட்டிருந்தா என்னாகறதுங்க?"

"தப்புத்தானுங்க மாப்பிள்ளை," என்றாள் அம்மா, தலையைக் குனிந்தபடி. "தெரியாம எடுத்துப்போட்டனுங்க. யாரு மேலயும் படலீங்க. நீங்க போயி உட்காருங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. அம்மாவை நினைத்து. ஒரு பொரிக்காக மானத்தை வாங்கிவிட்டாளே என்று. அவர் மேலும் மேலும் பேசிக்கொண்டே போனார். அவள் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றாள். எழுந்து நிற்காமல் மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்தே இருக்கிறாளே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவளாவது, உட்காருவதாவது! சேலைக்கு அடியிலிருந்து சாணி மெழுகிய தரையில் சிவப்பாக ஒரு கோடு கசிந்து வந்துகொண்டிருந்தது.

"ஐயோ, அம்மா!" என்று நான் சேலையை விலக்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "மாப்பிள்ளை இருக்காருடி," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

கெண்டைக்கால் சதை பிய்ந்திருந்தது. அவர் வேட்டியைக் கிழித்துக் கட்டும்போது, வலிக்கு ஒரு சத்தம்கூடப் போடாதவள், "நீங்க தொடக்கூடாதுங்க சாமி" என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

தோட்டத்து ஆட்கள் தூளி கட்டி அவளைக் கீழே சுமந்துபோனார்கள். கூடவே இவரும் போனார். டாக்டரிடம் அம்மா அரிவாள்மனை மேல் விழுந்ததாகச் சொன்னாளாம். டாக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டும் அதையேதான் சொன்னாளாம். உண்மையைச் சொல்ல வாயெடுத்த இவரை ஒரு பார்வையில் அடக்கிவிட்டாளாம். திரும்பி வந்து இவர்தான் இதைச் சொன்னார்.

உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலை ஊன்றி நெடுநேரம் நிற்க அவளால் முடியாமல் போயிற்று. குழந்தை பிறந்து, நாங்கள் முதல்முறை அம்மா வீட்டுக்குப் போனபோது, இவர் கூடத்தில் உட்கார்ந்த மறுநிமிடம் அவள் எழுந்து கதவோரம் போய் நின்றாள். "உட்காருங்க அத்தை" என்றார். "இருக்கட்டுங்க" என்றாள். கெஞ்சிப் பார்த்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு, கால் நடுங்க நடுங்க, அவர் சாப்பிட்டுக் கைகழுவி வெளியே போகும்வரை நின்றாள்.

அதற்குப் பிறகு இவர் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. என்னையும் குழந்தையையும் வாசலில் விட்டுவிட்டு, பஸ் நிற்கும் இடத்தில் போய் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார். "நான் உள்ள வந்தா அவங்க நிப்பாங்க" என்பார். மேனேஜர் மாப்பிள்ளைக்குத் தலைக்கனம் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நான் யாரிடம் போய் என்ன சொல்ல?

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். வெட்கத்தில்தான் அவர் வரவில்லை, உன்மேல் ஒரு கோபமும் இல்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவள் நம்பவே இல்லை. ஒவ்வொரு முறையும் நான் கிளம்பும்போது குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, தெருக்கோடி வரை எட்டிப் பார்த்துக்கொண்டு கேட்பாள்.

"மாப்பிள்ளைக்கு இன்னும் கோவம் தீரலையா கண்ணு? நான் எடுத்தது தப்புத்தான்னு நீயாச்சும் சொல்லேன்."