தடை சொன்ன மாமா

போன வாரம் பாளையங்கோட்டை சர்ச்சில் நண்பன் கல்யாணம். அவன் ஆட்கள் மொத்தமும் இருந்தார்கள். என் சீவலப்பேரி மாமா இல்லை. அவரை யாரும் அழைக்கவில்லை, அவர் இப்போது உயிரோடும் இல்லை. ஆனாலும் மாப்பிள்ளை கோட்டிலிருந்து அந்துருண்டை வாசனை வந்ததும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

என் அக்கா கல்யாணமும் சர்ச்சில்தான். மாப்பிள்ளை வீடு கிறிஸ்தவர்கள், நாங்கள் இல்லை. அம்மா, மாமா, நான் இருந்தோம். அப்பா இல்லை. "முறையில்லாத கல்யாணத்துக்கு நான் வரல" என்று விக்கிரமசிங்கபுரத்தில் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் வழக்கத்தில் தாலிக்கு முன் தாய்மாமனிடம் சம்மதம் கேட்க வேண்டும். உடனே தலையாட்டினால் பெண்ணைத் தள்ளிவிட்டதாக ஊர் பேசும். அதனால் ஒருதரம் மறுப்பார். மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வேட்டியும் நூற்றியொரு ரூபாயும் வைத்தால் இறங்கிவருவார்.

"அங்கன என்னைய ஒரு வார்த்த கேப்பாவளாலே?" என்று பஸ் முழுக்க மாமா புலம்பினார். வீட்டில் முதலில் படித்தவன் நான். சர்ச் முறையெல்லாம் வாசித்து வைத்திருந்தேன். "கேப்பாவ மாமா, எல்லாரையும் பாத்தே கேப்பாவ" என்றேன், பெருமையாக.

கேட்டார்கள். இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று போதகர் நிமிர்ந்ததும் மாமா எழுந்தார்.

"உண்டு!"

மாப்பிள்ளையின் அம்மா பெஞ்சில் சரிந்தார். தடை தீராமல் மேலே போக முடியாது என்றார் போதகர். "காரணம் சொல்லுங்க அண்ணாச்சி."

"காரணம் எதுக்குவே? நான் தாய்மாமன்லா!"

"பையன்கிட்ட ஏதும் குறையா?"

"சேச்சே, தங்கமான பையன். அதுக்காவ ஒடனே சம்மதிக்க முடியுமாவே?"

முக்காட்டுக்குள் அக்கா தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரியும். நான் ஓடிப்போய் எங்கள் வழக்கத்தை மேடைப்பேச்சுத் தமிழில் விளக்கினேன். மாப்பிள்ளையின் அப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. வேட்டிக்கு எங்கே போவார்? போட்டிருந்த, அந்துருண்டை மணக்கும் கோட்டைக் கழற்றிக் காணிக்கைத் தட்டில் வைத்தார், மேலே நூறு ரூபாய். ஒரு ரூபாய் குறைந்தது. போதகர் அங்கியைத் தூக்கி, பேண்ட் பையில் துழாவிப் போட்டார்.

மாமா கோட்டை மாட்டிக்கொண்டார். "இப்ப தடையில்ல. கட்டச் சொல்லுவே."

அம்மா போட்ட குலவையில் சர்ச்சுப் புறாக்கள் பறந்தன.

மறுநாள் அப்பா ஒன்றுதான் கேட்டார். "மச்சான் மறுத்தாரா?"

"மறுத்தாரு."

"அப்ப முறையாத்தான் நடந்திருக்கு." சாயங்கால பஸ்ஸிலேயே அக்கா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.

அப்புறம் மாமா எந்த வெயிலிலும் வேட்டிக்கு மேல் கோட்டோடுதான் டவுன் பஸ் ஏறினார். கடைசியில் அதைப் போட்டுத்தான் அனுப்பிவைத்தோம்.

போன வாரமும் போதகர் கேட்டார், காத்திருந்தார். எல்லாரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க ஓர் ஆள் எழவில்லை. எங்களுக்கு அப்படி ஒருவர் இருந்தார். அப்பாவை அக்கா வீட்டுப் படியேற்ற ஆன செலவு: ஒரு கோட்டு, நூற்றியொரு ரூபாய். அதில் ஒரு ரூபாய் போதகருடையது.