பெயர் இல்லாத குழாய்

மூன்று வருடத்துக்கு முன், ஆக்லாந்துக் குளிர்காலத்தில் நடந்தது இது. நான் இங்கே ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் ஆய்வு மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றியது. செல்லுக்குள் இருக்கும் மிகச் சிறிய துணுக்குகள் அவை. எந்த மரபணு அடங்கியிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். அவற்றில் ஒரு வகை குறைந்தால், புற்றுநோய்ச் செல்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியை விட்டு, உடம்பில் வேறு இடம் தேடிப் போகலாம். இதை யார் கேட்டாலும் உற்சாகமாக விளக்குவேன், என் கணவருக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரியும் வரை.

அறுவைச் சிகிச்சைக்கு முன், வெட்டி எடுப்பதில் கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தரலாமா என்று அவரிடம் கேட்டார்கள். "ஓம், எறியப்போறதுதானே. ஆருக்காவது உதவட்டும்" என்றார்.

பரவியிருக்கிறதா என்ற முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் என் மேசைக்குப் புதிய மாதிரிகள் வந்தன. எல்லாம் குடல் புற்றுநோய். குழாய்களில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். ஒரு குழாயில் அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. இல்லை என்றே சொல்லலாம். சோதனையை மறுபடி செய்தேன். அதேதான். இது இவருடையதுதான் என்று மனம் அடித்துச் சொன்னது. ஒரு குழாயை வைத்து யாருடைய விதியையும் சொல்ல முடியாது என்று மாணவர்களுக்குச் சொல்பவள் நான். பயத்துக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? வீட்டுக்குப் போகும் மவுண்ட் ரோஸ்கில் பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து தலையிடி என்று படுத்தேன். அவர் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டே தேத்தண்ணி போட்டுவந்து தந்தார். அவர் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக் குடித்தேன்.

அந்தக் கிழமையே டாக்டர் கூப்பிட்டார். பரவவில்லை. அதன் பிறகுதான் துணிந்து வேலையிடத்தில் விசாரித்தேன். அந்த மாதிரிகள் அதற்கு முந்தின வருடமே எடுத்து உறையவைத்தவை. இவருடையது அதில் இருக்க வழியே இல்லை.

அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பைத்தியக்காரத்தனத்தைச் சொல்லிச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப அது ஆற்ற குழாய்?" என்று கேட்டார்.

யாருடையது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் இன்றும் ஒரு குழாயைக் கையில் எடுக்கும்போதெல்லாம், எந்த வீட்டில் யார் தலையிடி என்று பொய் சொல்லிப் படுத்திருந்தார்களோ என்று நினைத்துக்கொள்கிறேன்.