கணக்குப் பாடத்தில் தண்ணீருக்குப் போனவள்

கர்ரக்... கர்ரக்... மணலைச் சுரண்டும் தேங்காய்ச் சிரட்டைச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மாரியூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணீர் அப்படித்தான் வரும். கடற்கரையில் பள்ளம் பறித்து, ஊறுகிற நல்ல தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்ற வேண்டும். குடம் நிறைய ஒரு மணி நேரமாகும்.

ஐந்தாம் வகுப்பில் தினமும் அந்த வேலை எனக்குத்தான். என் அய்யா, சம்மாட்டியின், அதாவது படகு முதலாளியின், வள்ளத்தில் கூலிக்குப் போகிறவர். கூலிக்காரர் மகளுக்குக் குடம், வள்ளக்காரர் மகளுக்கு முன்வரிசை. யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே நடந்தது. கூத்து என்னவென்றால், எனக்கு அதில் ஒரே பெருமை! கணக்கு பீரியடில் எல்லோரும் அடி வாங்க, நான் காற்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் புது வாத்தியார் வந்தார். வகுத்தல் கணக்கு கொடுத்தார். என் சிலேட்டு காலி. இத்தனை நாள் என்னதான் படித்தாய் என்று கேட்டார்.

"அந்நேரம் நான் தண்ணிக்குப் போயிருவேன் சார்."

கையை நீட்டினேன்... அடி விழவில்லை. தேறாவிட்டால் என்னைக் கருவாடு காயப்போட அனுப்புவதாக வீட்டில் பேசிவைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். மறுநாளே தண்ணீருக்கு முறை வைத்தார். ஆளுக்கொரு நாள், அதுவும் கணக்கு முடிந்த பிறகு.

சம்மாட்டி மகளின் முறை வந்த அன்று, சம்மாட்டியே வந்துவிட்டார். அய்யாவின் பிழைப்பே அவர் கையில்தானே!

"எம்மக கொடம் தூக்கவா பள்ளிக்கூடம் வருது?"

வாத்தியார் சத்தம் போடவில்லை. என்னைக் காட்டி, "இந்தப் புள்ள மட்டும் அதுக்கா வருது?" என்றார்.

சம்மாட்டி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளைக் கூட்டிப் போகாமலே திரும்பிவிட்டார். அய்யாவின் வேலைக்கும் பங்கம் வரவில்லை. அவர் மகள் பாதிக்குடம் மண்ணோடு வந்தது தனிக்கதை...

வகுத்தல் எனக்கு லேசில் வரவில்லை. அழுதிருக்கிறேன். தட்டுத்தடுமாறித் தேறினேன், பிறகு நானே டீச்சரும் ஆனேன்.

இப்போது பிள்ளைகள் ஆளுக்கொரு வாட்டர் பாட்டிலோடு போகிறார்கள், பார்க்கச் சந்தோஷம். ஆனாலும் பள்ளிக்கூட நேரத்தில் ஒரு பிள்ளை வாத்தியார்களுக்கு டீ வாங்க பிளாஸ்க்கோடு கடையில் நின்றால் எனக்குச் சுருக்கென்று தைக்கும். போன வாரம் அப்படி ஒருத்தி நின்றாள், வலை இழுக்கப் போகிறவர் மகள். வகுப்பில் இப்போது என்ன பாடம் என்று கேட்டேன்.

"கணக்குதான் டீச்சரம்மா. நான் எல்லாத்தையும் போட்டு முடிச்சிட்டேன், அதான் என்னைய அனுப்புனாக."

நான் நம்புவேனா... ஒரு வகுத்தல் கணக்கைச் சொன்னேன்.

பிளாஸ்க் நிறைவதற்குள் சரியான விடையைச் சொல்லிவிட்டாள்.