அப்பா மிச்சம் பிடித்த செல்கள்

பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சமையல்கட்டில் காபித் தட்டுடன் நின்றேன். அப்பா எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆமாங்கவிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

பல்லடத்து விசைத்தறிகளுக்கு நடுவே காலம் பூராவும் நின்ற காது அது. இரண்டாயிரங்களின் தொடக்கம், நான் பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். கோயமுத்தூருக்கு அழைத்துப்போய்க் காது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். அதற்குள் போடும் செல் சட்டைப் பொத்தான் அளவுதான். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஸ்டிக்கர். அதை உரித்தால் காற்று உள்ளே போய் செல் விழித்துக்கொள்ளும். அப்புறம் மிஷினில் போட்டாலும் சரி, பெட்டியில் பூட்டி வைத்தாலும் சரி, தீர்ந்துகொண்டே இருக்கும். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அறுந்த நூலை முடிச்சுப் போட்டே தேய்ந்த அப்பாவின் விரலுக்கு அந்த ஸ்டிக்கர் அகப்படாது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் தடுமாறக் கூடாதென்று, பொங்கல் முடிந்த கையோடு அட்டையில் இருந்த அத்தனையையும் அம்மாவிடம் கொடுத்து உரித்துத் தீப்பெட்டியில் போட்டு வைத்துவிட்டார். மிஷினையும் பீரோவில் வைத்துவிட்டார். "நல்ல நாளைக்கு வேணுமில்ல கண்ணு" என்றார். மாசி முடியும்வரை வீட்டில் ஊமைப் படம்தான் பார்த்தார் மனுஷன்.

அவர்கள் வந்த அன்று காலை செல்லைப் போட்டதும் மிஷின் லேசாகக் கொய்ங் என்றது. அதை நம்பினோம். தீர்ந்த செல் சும்மா கிடக்கும்வரை உயிர் இருப்பதுபோல் காட்டும், வேலை கொடுத்தால் படுத்துவிடும் என்பது யாருக்குத் தெரியும்?

அப்பா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போவேன் என்று அவர் சபையில் சொல்வார். அவர்கள் சம்மதித்தால்தான் வெற்றிலைத் தட்டு மாற்றுவது. எங்கள் பக்கம் சபையில் பெண் வாய் திறக்கிற வழக்கமில்லை. காது மந்தம் என்று மூச்சுவிடக் கூடாதென்று அம்மா வேறு சொல்லியிருந்தாள். செவிட்டு வம்சம் என்று பேர் வந்துவிடுமாம்! எங்கள் ஊர் மரியாதையில் ஒரு வசதி உண்டு. "ஆமாங்க" என்று தலையாட்டிக்கொண்டிருந்தால் கேட்கிறவர் யார், கேட்காதவர் யார் என்று தெரியாது.

நடுவில் ஒரு தரம் அப்பா எழுந்து உள்ளே வந்தார். தீப்பெட்டியைத் திறந்து வேறு செல் போட்டார். சத்தமில்லை. அடுத்ததைப் போட்டார். அதுவும் செத்துக் கிடந்தது. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கூடத்துக்குத் திரும்பினார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "எங்க ஊட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போற பழக்கமில்லீங்க. புள்ளை இந்த மாசமே வேலைய உட்டு நின்னுக்கட்டுமுங்க."

"ஆமாங்க" என்றார் அப்பா, சிரித்த முகத்தோடு.

"அப்ப, தட்டு மாத்திக்கலாமுங்களா?"

"ஆமாங்க."

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "ஆத்தரக்காரனுக்குப் புத்தி மட்டு. சித்த பொறு கண்ணு."

என்னத்தைப் பொறுப்பது? என் பிழைப்பே அந்தத் தட்டில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அம்மாவையே கடித்திருப்பேன். கையை உதறிவிட்டு நேராக அப்பா முன்னால் போய் நின்றேன். காபித் தட்டைக் கீழே வைத்தேன். அப்பா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றுபோனது.

மிஷினைக் காதிலிருந்து கழற்றி, எல்லோரும் பார்க்க வெற்றிலைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அம்மா கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க. எனக்குக் காது கேக்காதுங்க. இத்தன நேரம் நீங்க பேசுனது ஒன்னுமே காதுல வுழுகலீங்க." என் பக்கம் திரும்பினார். "கண்ணு, இப்புடி வந்து உக்காரு. என்ன கேட்டாங்கன்னு நீ சொல்லு."

உட்கார்ந்தேன். அவர் காதோடு வாயை வைத்து, தறிக்கூடத்தில் கத்துவதுபோல் கத்தினேன்.

"வேலைய உடச் சொல்றாங்கப்பா! நீங்க ஆமாங்கன்னு சொல்லிப்போட்டீங்க!"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அப்பா எழுந்தார். பெரியவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இல்லீங்க" என்றார்.