சிங்க்குக்கு மேலே ஒரு ஜன்னல்

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. ஹோட்டல் லாண்டரியில் என்னைப் பெட்ஷீட் மடிக்கும் மேஜையில் போட்டிருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஷீட்டின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையைப் பதினேழு வருடமாக ஒருத்தி பிடிக்கிறாள். இங்கே அவளுக்கு நாலுமூலை என்று பெயர். நான்கு மூலையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் பிரித்து மறுபடி மடிக்க வைப்பாள். அந்த ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம். மற்றபடி வாயில்லாப் பூச்சி. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நடுவில் நான் கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் குடும்பத்தோடு தலைநகரத்துக்குப் போனாள். கணவன், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், இவள். அங்கே கணவனின் அண்ணன் வீடு இருக்கிறது, தங்குவதற்குச் செலவில்லை என்று கிளம்பினார்கள். நான்கு நாள். திரும்பி வந்த அன்று ஷீட்டை விரித்துக்கொண்டே ஆசையாகக் கேட்டேன்.

"என்னடி பாத்தே அங்க?"

கொஞ்சம் யோசித்தாள். "சிங்க்குக்கு மேல ஒரு ஜன்னல் இருக்குக்கா. அதுல பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்துவிட்டேன். விளையாட்டே இல்லை. தினமும் காலையில் எல்லோரும் உடை மாற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புவார்களாம். "நீ இருந்து சமையலை முடிச்சிடும்மா, பசியோட வருவாங்க" என்பாராம் அண்ணன் மனைவி. முதல் நாளே "இதை உன் வீடு மாதிரி நினைச்சுக்கோ" என்றும் சொல்லியிருக்கிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை. சொந்த வீட்டில் நான்கு பேருக்குச் சமைப்பவள் அங்கே எட்டுப் பேருக்குச் சமைத்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பூண்டு உரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவள் கணவன் கொண்டுவந்த நூற்றுச் சொச்சம் போட்டோவையும் நான் பார்த்தேன். பாலம், சிலை, சிலைக்குப் பக்கத்தில் அண்ணனும் தம்பியும். இவள் ஒன்றில்கூட இல்லை. "நாங்க குடும்பத்தோட போயிட்டு வந்தோம்" என்று அவர் லாண்டரி வாசலில் நின்று என்னிடமே பெருமை அடித்துக்கொண்டார். அன்றைக்கு நான் உதறிய உதறலில் ஒரு தலையணை உறை கிழிந்து, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

இந்த வருடம் மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே இவள் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றாள். மேஜை விரிப்புகளைக் கொடுக்க மாடி ஆபீசுக்குப் போனவள், சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைப் படித்திருக்கிறாள். பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்கள் எங்கள் முதலாளியின் எந்த ஊர் ஹோட்டலிலும் வருடத்துக்கு இரண்டு இரவு, கால் வாடகைக்குக் குடும்பத்தோடு தங்கலாம். தலைநகரத்திலும் ஒரு ஹோட்டல் இருக்கிறது. அந்தக் காகிதம் நான்கு வருடமாக அங்கேயேதான் ஒட்டியிருக்கிறதாம். லாண்டரிக்கு ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை! அழுக்குத் துணி மட்டும் தவறாமல் கீழே வந்து விழும்.

போய்க் கேட்டால், "லாண்டரிக்காரங்களுக்கும் இது உண்டா?" என்று சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார். உண்டு. ஆனால் மூன்று இடத்தில் கையெழுத்து, இரண்டு கடிதம், நான்கு பேர் அடையாள அட்டையின் நகல், எல்லோரும் ஒரே குடும்பம்தான் என்பதற்கு அத்தாட்சி. ஒன்றரை மாதம் அலைந்து வாங்கினாள். நான்கு பேர் படுக்கும் அறை, இரண்டு இரவு, காலைச் சாப்பாடு அவர்களே போடுவார்கள்.

பிறகு திட்டம் போட ஆரம்பித்தாள். விருந்தாளி யாரோ கசக்கிப் போட்ட தலைநகர வரைபடம் ஒன்று அழுக்கு ஷீட்டுக்குள் சுருண்டு வந்தது. அதை இஸ்திரி உருளையில் விட்டு எடுத்தாள். கடையில் வாங்கியது மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் அதை விரித்துவைத்துக்கொண்டு வட்டம் வட்டமாகப் போடுவாள். கட்டணம் இல்லாத மியூசியம். கண்ணாடிக் கூரை போட்ட பூந்தோட்டம். ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்கச் சுற்றும் பஸ். காலையில் ஹோட்டலிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட வேண்டும், மதியத்துக்குக் கையில் ரொட்டியும் அவித்த முட்டையும், ராத்திரி மட்டும் வெளியே. எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்ல மகள் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தில் இரண்டு நாளுக்கும் முதல் வரி ஒன்றேதான்: காலை எட்டு மணி வரை தூக்கம். அதற்கு அடியில் இரண்டு கோடு வேறு.

"ஊர் பாக்கப் போறியா, தூங்கப் போறியா?" என்றேன்.

"வேற யாரோ தொவைச்ச ஷீட்டுல படுக்கணும்க்கா. வேற யாரோ மடிச்சது. ஒரே ஒரு தடவை."

அதற்குமேல் கிண்டல் பண்ண எனக்கு மனம் வரவில்லை.

விடுமுறைக்குப் பத்து நாள் இருக்கும்போது சூப்பர்வைசர் கீழே வந்தார். "என்னம்மா, அலைஞ்சு வாங்கின ரூமை வேணாம்னுட்டீங்க?" என்றார். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயம் இதுதான். "வர்றோம்" என்று மரியாதைக்குச் சொல்ல அவள் கணவன் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார். "நம்ம வீடு இருக்கும்போது நீ ஹோட்டல்ல தங்குவியா? நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று அண்ணன் குதித்திருக்கிறார். உடனே இந்த மனிதர் எங்கள் ஆபீசைக் கூப்பிட்டு, "நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன், ரூம் வேண்டாம்" என்றிருக்கிறார். அவ்வளவுதான், பெயரை அடித்துவிட்டார்கள். வாங்க மூன்று கையெழுத்து, இரண்டு கடிதம். வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆம்பளைக் குரல் போதும்! எனக்கு வந்த ஆத்திரத்தில் சூப்பர்வைசரைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். "எங்கிட்ட ஏம்மா எரிஞ்சு விழறீங்க, மாடியில எடுத்த போன் அது" என்று அவர் நழுவிவிட்டார்.

இவள்? "போகட்டும் விடுங்கக்கா" என்றாள். அடுத்த ஷீட்டை எடுத்தாள். மூலை பார்த்து மடித்தாள்.

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அவள் கணவன் மேல் இருந்ததைவிட அவள் மேல்தான் எனக்குக் கோபம். மரம் மாதிரி நிற்கிறாளே என்று. ஷீட்டை அவள் இழுக்கும்போது வேண்டுமென்றே தளர்த்திப் பிடித்தேன். அவள் பிரித்து மறுபடி மடித்தாள். சின்னத்தனம்தான், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அவள் போன் அடித்தது. இரண்டு பேர் கையிலும் ஷீட். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். அண்ணன் மனைவி.

"என்னம்மா, டிக்கெட் எடுத்தாச்சா? சனிக்கிழமை மதியம் இவரோட ஆபீஸ்காரங்க பன்னெண்டு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கோம். நீ வர்ற தைரியத்துலதான் கூப்பிட்டேன். உன் பொண்ணும் இப்ப வளந்துட்டா இல்ல? இந்தத் தடவை உனக்குக் கைக்கு ஒரு ஆளாச்சு."

"சரிக்கா" என்றாள் இவள். போன் அணைந்தது.

அடுத்த நொடி ஷீட்டை ஒரு இழு இழுத்தாள் பாருங்கள், என் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. பதினேழு வருடத்தில் நான் அப்படி ஒரு இழுப்பைப் பார்த்ததில்லை. அவள் முகம் அவள் முகமாகவே இல்லை.

"கைக்கு ஆளாமே" என்றாள். "எம்பொண்ணு அவங்களுக்குக் கைக்கு ஆளாமே!"

ஷீட்டைத் தரையில் போட்டுவிட்டு விறுவிறுவென்று மாடி ஏறினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஊழியர்களுக்கென்று ஒதுக்கிய குடும்ப அறை ஒன்றுதானாம். இவள் பெயரை அடித்த அன்றைக்கே அதை ரிசப்ஷன்காரர் ஒருவர் எழுதி வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு பேர் படுக்கிற மாதிரி சின்ன ரூம் ஒண்ணு இருக்கு. லிஃப்டுக்குப் பக்கத்துல. சத்தம் வரும்" என்றார் சூப்பர்வைசர்.

"குடுங்க."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை..."

"என் பேர்லதானே குடுக்கறீங்க? எழுதுங்க."

எழுதினார். நான் பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் ஊரிலுள்ள சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் போனிலேயே பஞ்சாயத்து வைத்துக் கரைத்திருப்பார்கள். இரண்டு பை கட்டினாள். ஒன்றில் கணவனுடைய துணியும் பையனுடையதும். இன்னொன்றில் அவளுடையதும் மகளுடையதும். அது ஏன் என்று அந்த மனிதர் கவனிக்கக்கூட இல்லை. பையை அவர் என்றைக்குக் கட்டியிருக்கிறார், கவனிப்பதற்கு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைநகரத்து ஸ்டேஷனில் இறங்கினார்கள். வாசலில் அண்ணன் காரோடு நின்றார். அங்கே வைத்துத்தான் ஒரு பையைக் கணவன் கையில் கொடுத்தாள்.

"நீங்களும் பையனும் அண்ணன் வீட்டுல தங்குங்க. அவர் மனசு கோணக் கூடாது. நானும் இவளும் ஹோட்டலுக்குப் போறோம். நாளைக்குப் பத்து மணிக்கு மியூசியம் வாசல்ல நிப்போம். வாங்க, எல்லாரும் சேந்து பாப்போம்."

"உனக்கென்ன பைத்தியமா? அண்ணன் முன்னாடி மானத்தை வாங்காதே" என்று அவர் பல்லைக் கடித்திருக்கிறார்.

"இந்த வீட்டுப் பொம்பளைங்களுக்கு..." என்று அண்ணன் ஆரம்பித்திருக்கிறார். பஸ் வந்துவிட்டது. இவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். ஏறிய பிறகு எங்கே இறங்க வேண்டும் என்பதே இவளுக்கு மறந்துவிட்டதாம். எந்த ஸ்டாப் என்று பக்கத்தில் இருந்தவர்களை விசாரித்து இறங்க வைத்தது மகள்தான்.

அந்த அறையைப் பற்றி ஒரு வாரமாக ஷீட்டின் மறுமுனையில் நின்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இரண்டு கட்டில். ஜன்னல் வழியாகத் தெரு விளக்கும் ஒரு பாலமும் தெரிந்ததாம். லிஃப்ட் சத்தம் கேட்டதாம், கேட்டாலும் பரவாயில்லையாம். ஷீட்டின் ஒரு மூலை சரியாக இழுக்கப்படாமல் இருந்திருக்கிறது. கை பரபரத்ததாம். தொடவில்லை.

சனிக்கிழமை காலையில் கண் விழித்தால் மணி ஐந்தே முக்கால். பழக்கதோஷம். பக்கத்துக் கட்டிலைப் பார்த்திருக்கிறாள். காலி. ஷீட் நான்கு மூலையும் பொருந்த மடித்துத் தலையணைமேல் வைத்திருக்கிறது. அந்தப் பெண் நின்றுகொண்டு, ராத்திரி தண்ணீர் குடித்த டம்ளரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"யாரு சொன்னா உன்னை இதெல்லாம் செய்யச் சொல்லி?"

"யாரும் சொல்லலம்மா. நீ எந்திரிக்கறதுக்குள்ள முடிச்சிடலாம்னு பாத்தேன்."

"எனக்கு வந்துச்சே ஒரு கோபம், யார் மேலன்னே தெரியலக்கா" என்றாள் இவள் என்னிடம். மடித்த ஷீட்டைப் பிடுங்கி உதறிக் கட்டிலில் வீசியிருக்கிறாள். "படுடி! எட்டு மணிக்கு முன்னாடி உன் கால் தரையில பட்டுச்சு, தொலைச்சுப்புடுவேன்!" அந்தப் பெண் பயந்துபோய்ப் படுத்து, பிறகு போர்வைக்குள் சிரித்து, பிறகு நிஜமாகவே தூங்கிவிட்டது. இவள் தூங்கவில்லை. மகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாளாம்.

ஏழரைக்குப் போன். கணவன். குசுகுசுவென்று பேசினாராம்.

"இங்க பாரு, நீ வர்றேன்னு அண்ணி வேலைக்காரம்மாவுக்கு மூணு நாள் லீவு குடுத்துட்டாங்களாம். நேத்துப் பாத்திரம் அத்தனையும் அப்படியே கிடக்கு. அண்ணி தலைவலின்னு படுத்துட்டாங்க. மதியம் பன்னெண்டு பேர் வர்றாங்க. என்னைப் பாத்து 'நீயாவது ஏதாவது செய்யேன்'னு அண்ணன் சத்தம் போடறாரு. ஒரு ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போயிடேன்."

அன்றைக்கு மியூசியத்துக்கு அந்த மனிதர் வரவில்லை. பத்தே காலுக்குப் பையனை மட்டும் அண்ணன்தான் காரில் கொண்டுவந்து விட்டு, இவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். மூன்று பேரும் மியூசியம் பார்த்தார்கள், கண்ணாடித் தோட்டம் பார்த்தார்கள், படிக்கட்டில் உட்கார்ந்து முட்டை சாப்பிட்டார்கள்.

"இரு, இரு. போன்ல அவருக்கு நீ என்னடி பதில் சொன்னே?" என்று நேற்று கேட்டேன். கெஞ்சியிருப்பாளோ, மன்னிப்புக் கேட்டிருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம்.

ஷீட்டின் இரண்டு மூலையையும் சேர்த்துக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தாள்.

"சிங்க்குக்குக் கீழ வலது பக்கக் கதவைத் திறங்க, சோப்பு நீல டப்பாவுல இருக்கும், தேய்க்கிற நார் அதுக்குப் பின்னாடின்னு சொன்னேன். குழாயை முழுசாத் திறக்காதீங்க, சட்டையில தெறிக்கும்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

என் கையிலிருந்த மூலைகளை வாங்கித் தன்னுடையதோடு பொருத்தினாள்.

"மேல நிமிர்ந்து பாருங்க, ஒரு ஜன்னல் இருக்கும்னு சொன்னேன்."