சித்தப்பாவின் இரண்டு மெல்லிய லேப்டாப்கள்

"இதுல எதை வச்சுக்கலாம்டா?" என்று பர்ராக் சித்தப்பா என்னிடம் கேட்டார். செருப்பு வாங்கவே ஒரு மாதம் யோசிக்கிற சித்தப்பா, கேம் ஆட விலை உயர்ந்த மெல்லிய லேப்டாப்களில் வெள்ளி நிறத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று வாங்கிவிட்டார். ஒன்றைப் பதினான்கு நாளுக்குள் கடையில் திருப்பித் தரலாம். அன்றுதான் கடைசி நாள்.

வெள்ளி மிக மெலிசு, மடியில் வைத்தால் சுடும். கறுப்பு சுடாது, ஆனால் சார்ஜர் செங்கல் கனம்.

அப்போது எங்கள் குவைத் வீட்டின் விருந்தினர் கூடமான திவானியாவுக்குக் காப்பி குடிக்க வந்த அபூ தாரி வெள்ளியைத் தடவினார். "மாஷா அல்லாஹ், என்னா மெலிசு!"

விருந்தாளி ஒன்றைப் புகழ்ந்தால் சொல்ல வேண்டியதைச் சித்தப்பா பழக்கத்தில் சொன்னார்: "உங்களோடதுதான், எடுத்துக்குங்க."

"ஐயோ, வேணாம்ப்பா."

"சத்தியமா உங்களுக்குத்தான்!"

மறுபடியும் மறுப்பதுதான் மரியாதை. அபூ தாரியோ, "இவ்ளோ சொல்றியே, சரி" என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

சித்தப்பா சிரித்த முகத்தோடு வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்தார். "வெள்ளிதான்டா நல்லது," என்றார். "இப்பதான் தெரியுது."

இதைக் குவைத் முழுக்கச் சொல்லுங்கள். எங்கள் திவானியாவில் எதையாவது புகழ்ந்தால், தயவுசெய்து இரண்டாம் முறையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சித்தப்பாவிடம் இனிக் கறுப்பு மட்டும்தான் இருக்கிறது.